மஞ்சள் தட்டில் நாற்பத்தேழு நாட்கள்

ஏப்ரல் 17, திங்கள்

இன்றைய பிழை: ஒரு கடிதத்தைத் தவறான தட்டில் வைத்துவிட்டேன். வைத்தது மார்ச் 1-ஆம் தேதி. தெரிந்தது இன்று. எந்தத் தேதியின் கீழ் எழுதுவது என்று பத்து நிமிடம் யோசித்தேன். பிழை தெரியவந்த நாளில்தான் எழுத வேண்டும் என்பது டீச்சர் சொன்ன விதி. அதனால் இங்கே.

இந்த நோட்டு மாலை வகுப்புக்காக எழுதுவது. திங்கள், புதன், வெள்ளி ஆறு முதல் எட்டு வரை அலுவலக நடைமுறை படிக்கிறேன். நாள்குறிப்பும் பாடத்தில் சேர்த்தி. முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை, நடுவில் என்ன வேண்டுமானாலும். வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் அந்த வாரத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுவார். இதற்குப் பத்து மதிப்பெண்.

தட்டுகளும் வகுப்பில் படித்ததுதான். வரும் தாள்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: செய்ய வேண்டியது, காத்திருப்பது, முடிந்தது. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளில் விரிசல் விட்ட மூன்றை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஜனவரியிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதமும் என் கை வழியாகத்தான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தால் நானே திறந்து, முதல் பத்தியைப் படித்து, உரிய தட்டில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். வீட்டில் ஒரு தாள்கூடத் தொலைவதில்லை என்று வகுப்பில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அக்கா ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் இருக்கிறாள். செவ்வாயும் சனியும் இரவு வேலை, இன்னும் மூன்று நாள் பகல் வேலை. அவளும் அத்தானும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு ஆறு வயது. மிளகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், உருவமும் காரமும் அப்படி. அம்மா இரவில் வீட்டில் இல்லாத நாளில் மகள் அப்பா வீட்டில் தூங்க வேண்டும் என்பது பிரியும்போது எழுதிக்கொண்ட ஏற்பாடு. ஆகவே வாரத்தில் இரண்டு இரவு அங்கே, ஐந்து இரவு எங்களோடு. அத்தான் தரவேண்டிய பராமரிப்புத் தொகை, அதற்கென்று உள்ள அலுவலகம் வழியாக மாதத்தின் நடுவில் வந்து சேரும்.

இன்று காலை வந்தது. குறைவாக வந்தது. அக்கா உடனே போனை எடுத்தாள்.

"என்ன, பாதியை அமுக்கிட்டீங்களா?"

"நான் எதையும் அமுக்கல. ஆபீஸ்ல முடிவு பண்ணி மாத்திட்டாங்க," என்றார் அத்தான். "உனக்கும் கடிதம் வந்திருக்குமே. எனக்கு மார்ச்லயே வந்துச்சு."

"எனக்கு எந்தக் கடிதமும் வரல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் தட்டைப் பார்த்தேன். அந்தக் கடிதம் மேலிருந்து மூன்றாவதாக இருந்தது.

முதல் பத்தி இது: 'குழந்தைப் பராமரிப்புத் தொகை குறித்து முடிவெடுத்துள்ளோம். இப்போது நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.' செலுத்த வேண்டியதில்லை என்றால் காத்திருப்பது என்று நினைத்திருக்கிறேன். அடுத்த பத்தியில், மகள் வாரத்துக்கு மூன்று இரவுகள் தந்தையுடன் தங்குவதாகத் தெரியவந்ததால் தொகை ஏப்ரல் முதல் குறைக்கப்படுகிறது என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில், முடிவை ஏற்காதவர்கள் கடிதம் கிடைத்த இருபத்தெட்டு நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று இருந்தது.

நாட்களை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் நாற்பத்தேழு.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்குற," என்றாள் அக்கா. "ஊருக்கே கண்ணு தெரிய வைக்கிற. ரெண்டாம் பக்கம் மட்டும் உனக்குத் தெரியலையாடா?"



மூன்று இரவு என்பது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜனவரி, பிப்ரவரியில் அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கை உடைந்ததால், எட்டு வாரம் வியாழன் இரவும் அக்கா போனாள். அந்த எட்டு வாரத்தை வைத்து அத்தான் சொல்லியிருக்கிறார். அலுவலகத்திலிருந்து இவளிடமும் கேட்கக் கூப்பிட்டிருப்பார்கள். பகலில் தூங்கும்போது தெரியாத எண்ணிலிருந்து வந்த இரண்டு அழைப்பு இன்னும் போனில் இருக்கிறது.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். வியாழன் இரவை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாயா என்று சூப்பர்வைசர் போன வாரம் அக்காவைக் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்ல இருந்தாள். இனி குறைந்ததை ஈடுகட்ட அந்த இரவுதான் கண்ணில் படுகிறது.

"வியாழன் போனா மூணாவது ராத்திரியும் அவ அங்கதான் தூங்குவா," என்றாள். "அப்ப அவர் சொன்னது நிஜமாவே நிஜமாயிடும். அதுக்கப்புறம் எதை வச்சு ஆட்சேபணை பண்றது?"

நாளைய வேலை: மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து அக்காவோடு உட்கார்ந்து அலுவலகத்துக்குப் போன் செய்வது.


ஏப்ரல் 18, செவ்வாய்

இன்றைய பிழை: போனில் அக்கா பேசும்போது குறுக்கே பேசினேன்.

இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் அதிகாரி எடுத்தார். அவசரப்படாத குரல்.

"இருபத்தெட்டு நாள் முடிஞ்சு மேல இருபது நாள் ஆயிடுச்சும்மா."

"அப்ப அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்னு நான் சொல்லலையே. ஆட்சேபணையைக் கொடுங்க, கூடவே கால நீட்டிப்புக்கும் ஒரு விண்ணப்பம் கொடுங்க. ஏன் தாமதம், எப்ப தெரிஞ்சுது, தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்க, இது மூணும் வேணும். ஆட்சேபணையில விஷயம் இருக்கான்னும் பாப்போம்."

ஆதாரம், ஆதாரம் என்று அக்காவிடம் முணுமுணுத்தேன்.

"பக்கத்துல யாரோ சொல்லிக் கொடுக்கறாங்க போல இருக்கே."

"என் தம்பி. கடிதத்தைப் பதுக்கி வச்சவன்."

"பதுக்கல மேடம்," என்றேன். "மஞ்சள் தட்டுல வச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். சிரிப்பை அடக்கியிருக்கலாம். தெரியவில்லை.

"அந்தச் சமயத்துல எழுதின ஏதாவது இருந்தா அனுப்புங்க," என்றார். "இப்ப யோசிச்சு எழுதினது இல்ல, அப்பவே எழுதினது. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். நீங்க அனுப்பறதுல ஒரு நகல் குழந்தையோட அப்பாவுக்கும் போகும்."

அப்பவே எழுதினது என்றதும் என் கை தானாகப் பைக்குள் போனது. இந்த நோட்டு அங்கேதான் இருந்தது.

நாளைய வேலை: மார்ச் 1 பக்கத்தைத் தேடிப் படிப்பது.


ஏப்ரல் 19, புதன்

இன்றைய பிழை: நேற்றே தேடியிருக்கலாம். நாளைய வேலை என்று எழுதிவிட்டதால் நாளைக்காகக் காத்திருந்தேன்.

பக்கம் கிடைத்தது. மேல் பாதி நமக்கு வேண்டியது: 'மூன்று கடிதம். மின்கட்டணம் சிவப்பு. பள்ளிக்கூடம் பச்சை. பராமரிப்பு அலுவலகம் மஞ்சள், நாம் கட்ட ஒன்றும் இல்லை. அக்கா தூங்குகிறாள், எழுப்பவில்லை.' அடியில் டீச்சரின் பச்சைக் கையெழுத்து, மார்ச் 3. இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

நடுவில் இருப்பதுதான் பிரச்சினை. அதை இங்கே மறுபடி எழுத மனம் வரவில்லை.

வகுப்பு முடிந்து எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது அக்கா சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். மிளகு எதிரே ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தாமதத்துக்குக் காரணம்ங்கிற இடத்துல காய்ச்சல்னு எழுதிடறேன்," என்றாள் அக்கா.

"யாருக்கு?"

"எனக்குத்தான். மார்ச் பூரா காய்ச்சல்."

"மார்ச் பூரா நீ வேலைக்குப் போயிருக்க அக்கா. தொழிற்சாலையில வருகைப் பதிவு இருக்கு."

"காய்ச்சலோட போனேன்."

"ரொட்டி பாக்கெட் போடற இடத்துக்கா? கேட்டா உன்னை வேலையைவிட்டே தூக்கிடுவாங்க."

"அம்மாவுக்குக் காய்ச்சலே வராது," என்றாள் மிளகு. "எனக்குத்தான் வந்துச்சு. ரெண்டு நாள்."

அக்கா பேனாவை மூடினாள். "பின்ன என்ன எழுதச் சொல்ற? முப்பத்திரண்டு வயசுப் பொம்பளை, என் பேருக்கு வர்ற கடிதத்தைத் தம்பி திறந்து படிச்சு ரகம் பிரிப்பான்னு எழுதவா? அது நகல் போட்டு அவர் வீட்டுக்கும் போகும். 'தன் கடிதத்தையே படிக்கத் துப்பில்ல, இவ பிள்ளையை வளக்கப் போறாளாம்'னு அவர் அம்மா படிச்சுக் காட்டுவாங்க."

நான் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. பக்கம் இருக்கிறது, நகல் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நாளைய வேலை: ஜெராக்ஸ்.


ஏப்ரல் 20, வியாழன்

இன்றைய பிழைகள்: இரண்டு. கடையில் ஒருவருடைய வலது லென்ஸை இடது பக்கம் பொருத்தினேன். கொடுப்பதற்கு முன் முதலாளி கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவது ஜெராக்ஸ் கடையில்.

மார்ச் 1 பக்கத்தின் கீழ்ப் பாதியை வெள்ளைத்தாளால் மறைத்து நகல் எடுத்தேன். டீச்சர் கையெழுத்தும் மறைந்துவிட்டது. கையெழுத்து இல்லாவிட்டால் அது நேற்று எழுதியதாகக்கூட இருக்கலாம். பிறகு தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து நடுவில் மட்டும் வைத்தேன். நகலில் மேலே எழுத்து, கீழே கையெழுத்து, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. இங்கே எதையோ மறைத்திருக்கிறோம் என்று அச்சடித்துக் கொடுத்தது போல இருந்தது.

"பாதிப் பக்கம்னாலும் முழுக் காசுதான்," என்றார் கடைக்காரர். "முழுசாவே எடுத்துக்கலாம் இல்ல?"

அவர் காசைச் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது.

மேசை கிடைக்கவில்லை. மிளகு வண்ணம் தீட்டுகிறாள். படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோணல்.

நாளைய வேலை: அக்காவிடம் நோட்டைக் கொடுப்பது. காலையில், கடைக்குப் போவதற்கு முன்.


ஏப்ரல் 21, வெள்ளி

இன்றைய பிழை: நோட்டைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை, நடுப்பகுதியை இங்கே எழுதுகிறேன்: 'பிப்ரவரிக் கணக்கு. மிளகு வீட்டில் இல்லாத இரவுகள் பன்னிரண்டு. சாப்பாட்டு மேசை முழுவதும் எனக்கே. பாடம் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் அக்காவுக்கும் சத்தமில்லாத தூக்கம். இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும். நாளை முதல் வியாழன் கிடையாது.'

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"மேசை காலியா இருந்துச்சு. அதைத்தான் எழுதினேன்."

"எனக்குத் தூக்கம்னு எழுதியிருக்கியே. வெள்ளிக்கிழமை காலையில படுத்தா தூக்கமா வரும்? பள்ளிக்கூடத்துக்கு யார் தலை பின்னி விட்டிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேன். கதவை மூடிக்கிட்டா தூங்கறேன்னு நீ கணக்கு எழுதிட்ட."

துண்டைப் பிழிந்துகொண்டே நின்றேன். துண்டில் தண்ணீர் இல்லை.

அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். மார்ச் 2: 'மேசை கிடைக்கவில்லை, மிளகு வீட்டுப்பாடம்.' மார்ச் 9: 'மேசை கிடைக்கவில்லை, களிமண்.' மார்ச் 16, மார்ச் 23. ஏப்ரலிலும் அப்படியே. வியாழன் வந்தால் நான் புலம்பியிருக்கிறேன்.

"டேய்," என்றாள். குரல் மாறியிருந்தது. "நீ புலம்பின ஒவ்வொரு வியாழனும் அவ இங்க இருந்திருக்கா."

எனக்கு அது தோன்றவே இல்லை. பிப்ரவரியின் பன்னிரண்டைப் பார்த்துப் பயந்ததில் மார்ச்சைப் பார்க்கவில்லை.

"மூணு ராத்திரி இருந்ததே இல்லைன்னு ஆட்சேபணைத் தாள்ல நான் எழுதினது பொய்," என்றாள். "எட்டு வாரம் இருந்துச்சு. பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு. ஏப்ரலுக்கு ஏன் அதை வச்சுக் குறைக்கறீங்கன்னு கேப்போம். பக்கத்தை முழுசா நகல் எடு."

"நான் எழுதினது அத்தானுக்கும் போகும். இப்படியே இருந்தா நல்லா இருக்கும்னு."

"போகட்டும். எழுதினது நீதானே, நானா? காரணத்துல உன் பேரையும் போடறேன். தட்டு கலரையும் போடறேன்."

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பின்னிணைப்பாக ஒரு பட்டியல் தயாரித்தேன்: மார்ச் 2 முதல் நேற்று வரை எட்டு வியாழன், எதிரே 'வீட்டில்', 'வீட்டில்' என்று எட்டு முறை. நேர்த்தியாக வந்தது.

மாலையில், பக்கங்கள் அந்தந்த வாரம் பார்த்தவைதான் என்று ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று டீச்சரைக் கேட்டேன்.

"தேதிக்கு உறுதி சொல்றேன்பா. உள்ளே இருக்கறதுக்குச் சொல்ல முடியாது. நான் படிச்சதே இல்ல."

"படிச்சதே இல்லையா டீச்சர்?"

"இருபத்தாறு பேர் எழுதறீங்க. தேதி, முதல் வரி, கடைசி வரி, அவ்வளவுதான் பாப்பேன். நடுவுல என்ன வேணும்னாலும் எழுதலாம்னு பின்ன எதுக்குச் சொன்னேன்?"

நான்கு மாதமாக அவருக்காகத் தேடித் தேடி வாக்கியம் அமைத்திருக்கிறேன்.

திங்கள் வேலை: அலுவலகக் கவுண்டரில் நேரில் கொடுத்து ரசீது வாங்குவது. தபால் வேண்டாம்.


ஏப்ரல் 24, திங்கள்

இன்றைய பிழை: எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

கொடுத்தாயிற்று. ஆட்சேபணை இரண்டு பக்கம், கால நீட்டிப்பு விண்ணப்பம் ஒரு பக்கம், நோட்டிலிருந்து பத்துப் பக்கம், பட்டியல், டீச்சர் கடிதம். ரசீது பச்சைத் தட்டில் இருக்கிறது. இல்லை, மாற்றிவிட்டேன். எதுவும் முடியவில்லையே. மஞ்சள் தட்டு.

சூப்பர்வைசர் மே 12 வரை அக்காவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சொல்லாவிட்டால் வியாழன் இரவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

நாளைய வேலை: காத்திருப்பது. இதை வேலை என்று எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.


மே 6, சனி

இன்றைய பிழை: ஏப்ரல் 21-ஆம் தேதிப் பட்டியலில் ஒரு வரி தவறு. ஏப்ரல் 24 ஏன் சந்தேகமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மாலை ஐந்தரைக்கு அத்தான் மிளகை அழைத்துப்போக வந்தார். அக்கா வேலைக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நானும் அவரும் மட்டும். மிளகு ஒரு காலில் செருப்போடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, உன் டைரி வீட்டுக்கு வந்துச்சு."

"பத்துப் பக்கம்தான் அத்தான்."

"நல்லா எழுதற. சனிக்கிழமையானா நான் லேட்டா வருவேன்னு மூணு இடத்துல எழுதியிருக்க."

"லேட்டாத்தானே வந்தீங்க."

"இன்னைக்கு அஞ்சரைக்கே வந்துட்டேன் பாரு. குறிச்சு வச்சுக்க." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பிப்ரவரில பன்னிரண்டு ராத்திரி. அதை மறைக்காம அனுப்பியிருக்கீங்க. உன் அக்கா அதை அனுப்புவான்னு நான் நினைக்கல."

"மார்ச்ல மாறிடுச்சுன்னு நீங்க அவங்ககிட்ட சொல்லலையே அத்தான்."

"சொல்லல," என்றார். "அவங்க கேக்கல, நானும் சொல்லல. தாமதத்தைப் பத்தி போன்ல கேட்டாங்க, அதுல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னுட்டேன். மத்ததுக்குப் பதினாறாம் தேதிக்குள்ள எழுதித் தரணும். அதான் கேக்கறேன். மார்ச் முப்பது என்ன கிழமை?"

"வியாழன்."

"வீட்டில்னு போட்டிருக்க."

"ஆமா."

"மிளகு, இங்க வா. வாயைத் திற." மிளகு வாயைத் திறந்தாள். மேலே முன்பல் ஒன்று இல்லை. ஒரு மாதமாக இல்லை, நானும் தினமும் பார்க்கிறேன். "இந்தப் பல் எங்க விழுந்துச்சு?"

"அப்பா வீட்டுல. பாத்ரூம்ல. ரத்தம் வந்துச்சு, நான் அழல."

"பல்லு ஒரு உறையில இருக்கு. மேல மார்ச் முப்பதுன்னு எழுதி வச்சிருக்கேன். தேதி போட உனக்கு மட்டும்தான் தெரியுமா மாப்ள?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 30 பக்கத்தில் மறுநாள் தேர்வைப் பற்றி மட்டும் எழுதியிருந்தேன். மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு வியாழன் எழுதியிருந்ததைப் பார்த்து, எட்டாவதையும் நானாகவே நிரப்பியிருக்கிறேன்.

"நான் எழுதவா, நீ எழுதறியா?" என்றார்.

அவர் எழுதினால், பட்டியலில் ஒன்று பொய், மற்றது எப்படியோ என்றாகிவிடும். "நானே எழுதறேன் அத்தான்."

மிளகின் இரண்டாவது செருப்பு கதவுக்குப் பின்னால் கிடைத்தது. குனிந்து மாட்டிவிட்டபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காசுக்காக மட்டும்னு நினைக்காத. எட்டு வாரத்துல வியாழக்கிழமை எனக்குப் பழகிடுச்சு. வெள்ளிக்கிழமை காலையில நானே தலை பின்னி அனுப்பினேன்."

"கோணலா," என்றாள் மிளகு.

"கோணலாத்தான்."

திங்கள் வேலை: அக்காவிடம் சொல்வது. நாளை அவள் தூங்க வேண்டும்.


மே 8, திங்கள்

இன்றைய பிழை: கீழே.

அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ஞாபகம் இருக்கு. அன்னைக்கு யாரோ வரலைன்னு சாயங்காலம் கூப்பிட்டாங்க, போனேன்."

"பட்டியல் போடும்போது ஏன் சொல்லல?"

"நீ எட்டும் வீட்டில்னு எழுதிட்ட. அழகா இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்." பிறகு, "ஒரு ராத்திரிதானேடா," என்றாள்.

திருத்தக் கடிதம் எழுதிக் காட்டினேன். நான்கு வரி. படித்துவிட்டு மடித்தாள். "முதல்ல தாமதத்தை ஏத்துக்கட்டும். இப்ப இதைக் கொடுத்தா, தம்பி கடிதத்தையும் தொலைப்பான் கணக்கையும் தப்பாப் போடுவான்னு மொத்தமாத் தள்ளிடுவாங்க. பதில் வந்ததும் கொடுக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. கடிதத்தை மஞ்சள் தட்டில் வைத்தேன். இன்றைய பிழை இதுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

நாளைய வேலை: எழுதத் தெரியவில்லை.


மே 10, புதன்

இன்றைய பிழை: திருத்தக் கடிதம் இரண்டு நாள் தட்டில் கிடந்தது.

காலை ஒன்பதரைக்குத் தபால் வந்தது. பராமரிப்பு அலுவலகத்தின் நீள உறை. அக்கா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்துக்கு நேரே உறையைப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பிரிக்கவில்லை. அவள் எழுந்ததும் கால் வைக்கும் இடத்தில், செருப்பின் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பதினோரு மணிக்குள் இரண்டு ஃபிரேமின் திருகைத் தொலைத்தேன்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது.

"கடிதத்தை நீ பிரிக்கலையா?"

"இல்ல."

"ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சா, பக்கத்து வீட்டுக் கடிதம்னு நினைச்சுட்டேன்."

"என்ன போட்டிருக்கு அக்கா?"

"இரு. மொத்தமாப் படிக்கிறேன். முதல் பத்தியோட நிறுத்தற பழக்கம் எனக்கு இல்ல."

மூன்று பக்கத்தையும் படித்தாள், அலுவலக முகவரி உள்பட. முதலாளி எதிரே நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தாமதத்துக்கான காரணம் ஏற்கப்பட்டது. அந்தச் சமயத்தில் எழுதிய, தேதியிட்ட பக்கங்களைக் கருத்தில் கொண்டு கால நீட்டிப்பு வழங்கப்படுகிறது. ஆட்சேபணை இனி விசாரிக்கப்படும். நீட்டிப்பு கிடைத்ததாலேயே ஆட்சேபணை வென்றதாகாது. இரவுகளின் எண்ணிக்கையில் மேலும் தெரிவிக்க ஏதேனும் இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

"அடுத்து சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினேன்," என்றாள். "வியாழன் வேண்டாம்னுட்டேன்."

"முடிவே இன்னும் வரலையே. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்திருக்கலாமே."

"வெள்ளிக்கிழமை மட்டும் வந்துடுமா? விசாரிக்கவே ரெண்டு மாசம் ஆகும்னு போட்டிருக்கு. அதுவரைக்கும் வியாழன் போயிட்டு, மகள் என்கூடத்தான் இருக்கான்னு அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? ரெண்டு மாசம் கையைக் கடிக்கும். கடிக்கட்டும்."

முதலாளி மறுபடி கடிகாரத்தைத் தட்டினார்.

"மஞ்சள் தட்டுல உன் நாலு வரிக் கடிதம் இருக்கு," என்றாள் அக்கா.

"நீதான் காத்திருக்கச் சொன்ன."

"சொன்னேன். அதான் பதில் வந்துடுச்சு இல்ல. இன்னும் அதுக்கு அங்க என்ன வேலை? எடுத்துச் சிவப்புல வை. நானும் கையெழுத்துப் போடறேன். எனக்கு ஞாபகம் இருந்தும் சொல்லலைன்னு அதுல ஒரு வரி சேரு."

வகுப்புக்குப் போகும் வழியில் அத்தானுக்குப் போன் செய்தேன். பல் இருக்கும் உறையின் முகப்பை நகல் எடுத்துத் தருவாரா என்று கேட்டேன்.

"பல்லும் வேணுமா?"

"வேண்டாம் அத்தான், தேதி போதும்."

"பதினாறாம் தேதிக்குள்ள நானும் எழுதணும்," என்றார். "மார்ச்ல மாறினதை நான் சொல்லலைன்னு அதுல போடறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல." சரி அத்தான் என்றேன்.

நாளைய வேலை: திருத்தக் கடிதத்தில் அக்கா சொன்ன வரியைச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுவது. காலை ஒன்பதுக்கு அத்தான் வீட்டில் உறையின் நகலை வாங்குவது. மதிய இடைவேளையில் கவுண்டரில் கொடுத்து ரசீது பெறுவது. நாளை வியாழன், மிளகு வீட்டில் இருப்பாள்; ஏழு மணிக்குள் மேசையை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பது.